விமானக் கதவு திறந்ததால்தான் ஜெயித்தார்களா? அமேசிங் ரேஸ் ஏழாவது சீசன்

கேள்வி இது: "அமேசிங் ரேஸ் ஏழாவது சீசனில் ஆரம்பத்திலிருந்தே மூளையோடு ஆடியவர்கள் ராபும் ஆம்பரும்தான். கடைசி நாளில் மூடிய விமானக் கதவை மறுபடி திறந்துவிட்டதால்தானே உச்சென்னாவும் ஜாய்ஸும் பத்து லட்சம் டாலரைத் தட்டிக்கொண்டு போனார்கள்? அதிர்ஷ்டத்தைத் தவிர அதில் என்ன இருக்கிறது?"

முதல் பாதியை அப்படியே ஒப்புக்கொள்கிறேன். அமேசிங் ரேஸ் என்பது அணிகள் நாடு நாடாக ஓடும் அமெரிக்க ரியாலிட்டி போட்டி. 2005 மார்ச் முதல் மே வரை சி.பி.எஸ். தொலைக்காட்சியில் ஒளிபரப்பான அந்த சீசனில், விதிப் புத்தகத்தை ராப் மரியானோ அளவுக்கு ஆழமாகப் படித்தவர் யாரும் இல்லை. இரண்டாம் பாதிதான் சரியில்லை. கதவு திறந்தது உண்மை. ஆனால் அது உச்சென்னா, ஜாய்ஸ் ஜோடியை ராபுக்குச் சமமாகக் கொண்டுவந்து நிறுத்தியதே தவிர, முன்னால் தள்ளிவிடவில்லை. அதற்குப் பிறகு மயாமியில் நடந்ததும், அந்தக் கதவு வரை அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதும்தான் பதில். இந்தப் போட்டியில் சவால்களை முடிக்கும் வேகத்தைவிட, டிக்கெட் கவுன்டரிலும் டாக்சியிலும் கடிகாரத்திலும்தான் வெற்றி தீர்மானமாகிறது. ஏழாவது சீசனைப் போல இதைப் பளிச்சென்று காட்டிய சீசன் இன்னொன்று இல்லை.

பார்க்காதவர்களுக்காகச் சுருக்கமாக அமைப்பு. இரண்டு பேர் கொண்ட 11 அணிகள் கலிபோர்னியாவின் லாங் பீச்சில் கிளம்பி பெரு, சிலி, அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா, இந்தியா, துருக்கி, லண்டன், ஜமைக்கா, புவெர்ட்டோ ரிக்கோ என்று சுற்றி மயாமி பக்கம் முடிக்க வேண்டும். பயணம் பல லெக்குகளாக, அதாவது கட்டங்களாகப் பிரிக்கப்பட்டிருக்கும். ஒவ்வொரு லெக்கின் முடிவிலும் பிட் ஸ்டாப் என்ற ஓய்விடம். அங்கே விரித்திருக்கும் பாயில் தொகுப்பாளர் ஃபில் கியோகன் நிற்பார். கடைசியாக வரும் அணி பெரும்பாலும் வீட்டுக்குப் போகும். டீட்டூர் என்றால் இரண்டு வேலைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுத்து இருவரும் சேர்ந்து செய்வது. ரோடுபிளாக் என்றால் ஒருவர் மட்டும் செய்வது. வேலை என்னவென்று தெரியாமல், ஒரு குறிப்பை மட்டும் வைத்து யார் செய்வது என்று முடிவெடுக்க வேண்டும். அந்தக் காலத்து விதிப்படி ஒருவர் மொத்தப் போட்டியில் ஆறு ரோடுபிளாக்குக்கு மேல் செய்யக் கூடாது. அதனால் "பலமான ஆளே எல்லாவற்றையும் செய்யட்டும்" என்ற கணக்கு ஓடாது.

பணம் எப்படி என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஒவ்வொரு லெக் தொடக்கத்திலும் கையில் ரொக்கம் தருவார்கள். டாக்சி, சாப்பாடு எல்லாம் அதற்குள். விமான டிக்கெட்டுக்கு மட்டும் போட்டி நடத்துபவர்களின் கடன் அட்டை, அதிலும் சாதாரண வகுப்பு மட்டும். பலர் கவனிக்காத விஷயம் ஒன்று: ஒவ்வொரு அணியோடும் ஒரு கேமராக்காரரும் ஒரு ஒலிப்பதிவாளரும் கூடவே போக வேண்டும். ஆக விமானத்தில் இரண்டு இடம் கிடைத்தால் போதாது, நான்கு வேண்டும். "இடம் இருக்கிறதே, ஏன் ஏறவில்லை?" என்று திரையில் பார்த்துக் குழம்பும் பல இடங்களுக்கு விளக்கம் இதுதான்.

இப்போது ராபுக்கு வருவோம். ராபும் ஆம்பரும் சர்வைவர் என்ற இன்னொரு ரியாலிட்டி போட்டியில் பெயர் வாங்கிய ஜோடி. 2004-இல், பழைய போட்டியாளர்கள் திரும்பி வந்து ஆடிய அதன் ஆல் ஸ்டார்ஸ் சீசனில் ஆம்பர் பத்து லட்சம் டாலர் ஜெயித்திருந்தார். முகம் தெரிந்தவர்கள் என்பதால் வழியில் சில இடங்களில் உதவி கிடைத்தது, அதை மறுக்க முடியாது. ஆனால் அவர்களின் உண்மையான பலம் அர்ஜென்டினாவில், மெண்டோசா பகுதியில் நடந்த ரோடுபிளாக்கில் தெரிந்தது. அணியில் ஒருவர் நான்கு பவுண்ட், அதாவது சுமார் 1.8 கிலோ சுட்ட இறைச்சியை ஒரே ஆளாகச் சாப்பிட்டு முடிக்க வேண்டும். கவ்பாய்களின் பாணியில் கரி நெருப்பில் சுட்டது: விலா, தொத்திறைச்சி, ரத்தத் தொத்திறைச்சி, அதோடு மாட்டின் உள்ளுறுப்புகளும். முதல் அரைக் கிலோ யாருக்கும் பிரச்சினை இல்லை. அதற்குப் பிறகு வயிறு நிரம்பிவிடும். குடலும் சுரப்பியும் சவ்வு மாதிரி இழுக்கும், மெல்லவே நேரமாகும். ஆறிய கொழுப்பு தொண்டையில் ஒட்டும். தண்ணீர் குடித்தால் இறங்கும், ஆனால் அந்தத் தண்ணீரே வயிற்றில் இடத்தை அடைத்துக்கொள்ளும். நேரம் போகப் போக வேகம் குறைந்துகொண்டே போகும் வேலை இது. எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது.

ராப் கொஞ்சம் சாப்பிட்டுப் பார்த்துவிட்டு நிறுத்தினார். ரோடுபிளாக்கைக் கைவிட்டால் அப்போது நான்கு மணி நேரத் தண்டனை. அந்த நான்கு மணி நேரம், அடுத்த அணி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்த நேரத்திலிருந்து ஓடத் தொடங்கும். அவர் போட்ட கணக்கு மூன்று படி.

ஒன்று, தட்டைக் காலி செய்ய எவ்வளவு நேரம் ஆகும் என்பதற்கு மேல் வரம்பு கிடையாது, தண்டனைக்கு உண்டு. நான்கு மணி நேரம் என்றால் நான்கு மணி நேரம்தான். அதோடு வயிறும் கெடாது, அடுத்த நாள் ஓட உடம்பில் தெம்பு இருக்கும்.

இரண்டு, இந்தப் போட்டியில் முதலில் வர வேண்டிய அவசியம் கடைசி லெக்கில் மட்டும்தான். மற்ற எல்லா லெக்கிலும் கடைசியாக வராமல் இருந்தால் போதும். ஆக தனக்குப் பின்னால் ஓர் அணி இருப்பதை உறுதி செய்தால் வேலை முடிந்தது.

மூன்றாவதுதான் அபாரம். பின்னால் வந்து தட்டோடு போராடிக்கொண்டிருந்தவர்களிடம் போய், "நீங்களும் விட்டுவிடுங்கள்" என்று பேசினார். ரே, டீனா ஜோடியும், மூத்த தம்பதி மெரடித், கிரெட்செனும் ஒப்புக்கொண்டார்கள். அவர்கள் விட்ட நொடியிலேயே ராபுக்குப் பின்னால் இரண்டு அணிகள் அதே நான்கு மணி நேரத்தைச் சுமந்துகொண்டு நின்றன. தன்னந்தனியாகத் தண்டனை வாங்கியிருந்தால் அது சூதாட்டம். மூன்று பேர் வாங்கியபோது அது காப்பீடு ஆகிவிட்டது. மற்றவர்கள் அந்த இடத்தில் ஒரு நிமிடம் நிதானித்து "இது இவருக்கு ஏன் இவ்வளவு முக்கியம்?" என்று யோசித்திருந்தால் தட்டை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள்.

நான்கு மணி நேரம் பின்தங்கினால் அடுத்த லெக்கிலும் நான்கு மணி நேரம் பின்னால்தானே இருக்க வேண்டும் என்று கேட்கலாம். இங்கேதான் கடிகாரம் வருகிறது. பிட் ஸ்டாப்புக்கு நீங்கள் வந்த நேரத்தோடு கட்டாய ஓய்வு நேரத்தைக் கூட்டினால் கிளம்பும் நேரம். ஓய்வு பன்னிரண்டு மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை 4.10-க்கு வந்தவர் அதிகாலை 4.10-க்குக் கிளம்புவார், இரவு 8.10-க்கு வந்தவர் காலை 8.10-க்கு. ஆனால் முதலில் கிளம்பியவர் போய் நிற்கும் இடம் 9 மணிக்குத்தான் திறக்கும் என்றாலோ, அன்றைக்கு ஒரே ஒரு விமானம்தான், அது மதியம்தான் என்றாலோ, எல்லோரும் அங்கே ஒன்றாகத் தேங்கிவிடுவார்கள். நான்கு மணி நேர முன்னிலை ஆவியாகிவிடும். வழித்தடம் வகுப்பவர்கள் வேண்டுமென்றே இப்படி மடைகளை வைக்கிறார்கள்; இல்லாவிட்டால் மூன்றாவது லெக்கிலேயே போட்டி முடிந்துபோகும். ஆகவே தண்டனையின் உண்மையான விலை, அடுத்த மடை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. ராப் இதைப் புரிந்துகொண்டுதான் தட்டைத் தள்ளினார்.

டீட்டூரிலும் இதே கண்ணோடு பார்த்தால் பல தேர்வுகள் விளங்கும். பெருவில், பிசாக்கில், இரண்டு வழிகள் இருந்தன: லாமாக்களைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு பட்டியில் அடைப்பது, அல்லது குதிரைமசால் புல் நிறைந்த கூடையை முதுகில் கட்டிக்கொண்டு தூக்கிப் போவது. லாமா வேடிக்கையாகத் தெரியும். ஆனால் அது நடக்க மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டால் நீங்கள் செய்வதற்கு ஒன்றுமில்லை. கூடை முதுகை ஒடிக்கும், அதிலும் அந்த உயரத்தில் மூச்சு வாங்கும். என்றாலும் ஒவ்வோர் அடிக்கும் தூரம் குறையும். இஸ்தான்புல்லில் ஒரு வழி, எடைபார்க்கும் கருவியைக் கூட்டத்தில் வைத்துப் போவோர் வருவோரை ஏற்றி மொத்த எடையை ஓர் இலக்குக்குக் கொண்டுவருவது. அங்கே மனிதர்களைக் கூப்பிடக் கூச்சப்படுபவர் தோற்றார். விலங்கு, தேடல், பிறர் மனம் இந்த மூன்றில் ஒன்றைச் சார்ந்த வேலைக்கு முடிவு நேரம் கிடையாது. தசையைச் சார்ந்த வேலைக்கு உண்டு. உங்களுக்குக் களைப்பு என்றாலும் இரண்டாவதே பத்திரம். மனிதர்களோடு பேசுவதில் உங்களுக்கு இயல்பான திறமை இருந்தால் மட்டும் விதிவிலக்கு.

அந்த விதிவிலக்குதான் உச்சென்னா, ஜாய்ஸ் ஜோடி. டெக்சாஸ்காரர்கள். உச்சென்னா என்ரான் நிறுவனத்திலும் அவர் மனைவி ஜாய்ஸ் வேர்ல்டுகாமிலும் வேலை பார்த்து, இரண்டு நிறுவனமும் சரிந்தபோது வேலை இழந்தவர்கள். விதியில் ராபைப் போல ஓட்டை தேடுவது அவர்கள் வழி இல்லை. போகிற இடமெல்லாம் ஆட்களிடம் மரியாதையாக, பொறுமையாகக் கேட்பார்கள். பார்ப்பதற்குச் சாதாரணமாக இருப்பதால் இதை யாரும் திறமையாக எண்ணுவதில்லை.

ராஜஸ்தானின் ஜோத்பூரில் அவர்கள் ஃபாஸ்ட் ஃபார்வர்டை எடுத்தார்கள். அதை முடித்தால் மற்ற வேலை எல்லாவற்றையும் விட்டுவிட்டு நேரே பிட் ஸ்டாப்புக்குப் போகலாம். ஒரு லெக்கில் ஒரே ஓர் அணிக்குத்தான் அது கிடைக்கும், ஓர் அணி மொத்தப் போட்டியில் ஒரு முறைதான் பயன்படுத்தலாம். இரண்டு அணிகள் ஒரே நேரத்தில் அதைத் தேடிப் போனால் தோற்ற அணி திரும்பி வந்து எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். அன்றைக்கு வேலை: கோயிலில் இருவரும் மொட்டை போட்டுக்கொள்வது. நமக்கு மொட்டை பழக்கமான விஷயம், பழனிக்கோ திருப்பதிக்கோ போனால் வீட்டில் யாராவது போட்டுக்கொள்வார்கள். ஜாய்ஸுக்கு அப்படி இல்லை. வேண்டாம் என்றால் விட்டுவிடலாம் என்று கணவர் சொன்னார். ஜாய்ஸ் உட்கார்ந்தார், கண்ணீர் வழிந்தது, எழுந்திருக்கவில்லை. எண்ணிப் பார்த்தால் இது மிகச் சரியான தேர்வும்கூட. மொட்டை அடிக்க எவ்வளவு நேரம் ஆகும் என்பது தெரிந்த விஷயம். தேடல் இல்லை, விலங்கு இல்லை, தவறாகச் செய்ய வழியே இல்லை. கொடுக்க வேண்டியது நேரத்தை அல்ல. அந்த லெக்கில் அவர்களே முதலில் வந்தார்கள்.

இனி கடைசி இரண்டு லெக். ஏழாவது சீசனில் ஒரு புது விதி வந்தது. வெளியேற்றம் இல்லாத லெக்கில் கடைசியாக வரும் அணி, கையில் உள்ள ரொக்கம் முழுவதையும் மட்டுமல்ல, பைகளையும் ஒப்படைக்க வேண்டும். மிஞ்சுவது உடுத்திய துணியும் பாஸ்போர்ட்டும். அடுத்த லெக்குக்கும் பணம் தர மாட்டார்கள். இது தெரிந்த பிறகு, பின்தங்கிவிட்டோம் என்று பயந்த அணிகள் பாய்க்கு வருவதற்கு முன்னாலேயே இருக்கிற சட்டைகளையெல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு வர ஆரம்பித்தன. ஜமைக்காவில் அந்த அடி உச்சென்னா, ஜாய்ஸ் மேல் விழுந்தது. மூன்று அணிகள் எஞ்சியிருந்தன: இவர்கள், ராப் ஜோடி, ரான் கெல்லி ஜோடி. பத்து லட்சம் டாலருக்கான கடைசி ஓட்டத்தை இவர்கள் காலிச் சட்டைப்பையோடு தொடங்கினார்கள். டிக்கெட்டுக்கு அட்டை இருக்கிறது. விமான நிலையத்துக்குப் போக டாக்சிக்குக் காசு இல்லை. முன்பின் தெரியாதவர்களிடம் கை நீட்டினார்கள்.

புவெர்ட்டோ ரிக்கோவின் சான் ஹுவானில் வேலைகளை முடித்து மயாமி விமானத்துக்கு ஓடும்போதுதான் அந்தக் கதவு. ராபும் ஆம்பரும் உள்ளே உட்கார்ந்துவிட்டார்கள். கதவு மூடியாயிற்று, ஏறும் பாலமும் பின்வாங்கியாயிற்று. உச்சென்னாவும் ஜாய்ஸும் கவுன்டரில் நின்று கேட்டார்கள். ஊழியர் விமானியிடம் பேசினார். விமானி சம்மதித்தார், பாலம் திரும்ப வந்து ஒட்டியது, கதவு திறந்தது. உள்ளே ராபின் முகத்தை கேமரா காட்டியது. அந்த சீசனின் மறக்க முடியாத காட்சி அது. தயாரிப்பாளர்கள் ஏதோ செய்திருப்பார்கள் என்று சந்தேகப்படும் ரசிகர்கள் இன்றும் உண்டு. மூடிய கதவைத் திறப்பது அன்றாடம் நடப்பதல்ல, அதனால் சந்தேகம் எழுவது இயல்பு. ஆனால் நகரத் தொடங்காத விமானத்தில் அந்த முடிவு விமானியின் கையில் இருக்கிறது. கேட்காதவருக்கு அது ஒருபோதும் திறக்காது. "மூடிவிட்டார்கள், போயிற்று" என்று திரும்பி அடுத்த விமானம் பார்த்திருந்தால் அதோடு கதை முடிந்திருக்கும்.

சரி, இப்போது இரண்டு ஜோடியும் ஒரே விமானத்தில். மயாமியில் ஒரே நேரத்தில் இறங்குகிறார்கள். இங்கிருந்து ராபுக்குத்தான் சாதகம் அதிகம்: கையில் பணம் இருக்கிறது, பெயர் இருக்கிறது, களைப்பும் ஒன்றுதான். ஆனாலும் நகரத்துக்குள் டாக்சியில் அலைந்ததில் அவர்கள் பின்தங்கினார்கள். அமேசிங் ரேஸ் வரலாற்றில் டாக்சி ஓட்டுநரால் கவிழ்ந்த அணிகளின் பட்டியல் நீளமானது. ஓட்டுநருக்கு இடம் தெரியாவிட்டாலும் தெரியும் என்றுதான் சொல்வார்; கிளம்புவதற்கு முன்னால் இன்னொருவரிடமும் கேட்டு, வழியை எழுதி வாங்கிக்கொண்டு, அலுவலகத்துக்கு ரேடியோவில் உறுதி செய்யச் சொல்லி ஏற வேண்டும். இரண்டு நிமிடம் செலவு, இருபது நிமிடம் மிச்சம்.

முடிவிடம் ஃபோர்ட் லாடர்டேலில் உள்ள பானட் ஹவுஸ். உச்சென்னாவும் ஜாய்ஸும் முதலில் வந்து வாசலில் இறங்கினார்கள். உள்ளே ஓடினால் பத்து லட்சம். ஆனால் டாக்சிக்குப் பணம் கொடுக்காமல் பாயில் கால் வைக்கக் கூடாது என்பது விதி. பின்னால் ராப் எவ்வளவு தூரத்தில் வருகிறார் என்று தெரியாது. அந்த இடத்தில் ஓட்டுநரை ஏமாற்றிவிட்டு ஓட அவர்கள் நினைக்கவே இல்லை. தெருவில் போகிறவர்களை நிறுத்தி நிறுத்திக் கேட்டு, டாலர் டாலராகச் சேர்த்து, ஓட்டுநர் போதும் என்றதும்தான் உள்ளே ஓடினார்கள். அப்போதும் முதலில் வந்தார்கள். ராப் ஜோடி இரண்டாவது, ரான் ஜோடி மூன்றாவது.

ஆகவே அதிர்ஷ்டம் இருந்ததா என்றால், இருந்தது. அந்த விமானி வேறு மனிதராக இருந்திருந்தால் முடிவு மாறியிருக்கும். ஆனால் அந்த ஒரே லெக்கில் ஜமைக்காவில் காசு கேட்டது, சான் ஹுவானில் கதவு கேட்டது, லாடர்டேலில் மறுபடி காசு கேட்டது, மூன்றும் ஒரே செயல். மூன்று முறையும் பலித்தது. ராபின் முறை விதிகளிடமிருந்து நேரத்தைப் பிடுங்குவது; இவர்களுடையது மனிதர்களிடமிருந்து நேரத்தைக் கேட்டு வாங்குவது. கடைசி லெக்கில் விதியில் ஓட்டை ஏதும் இல்லை. முதலில் வருவதைத் தவிர வேறு வழி இல்லாத லெக் அது, தண்டனை வாங்கித் தப்பிக்க முடியாது.

தென்னாப்பிரிக்கா, போட்ஸ்வானா பகுதியைப் பற்றியும் ஒரு வார்த்தை, ஏனென்றால் அந்த சீசனில் தப்பு எப்படி நடக்கிறது என்பதற்கு அது நல்ல சான்று. குகை ஒன்றில் கிரெட்சென் தடுமாறி விழுந்து முகத்தில் ரத்தம் கொட்டியது; கட்டுப் போட்டுக்கொண்டு தொடர்ந்தார். போட்ஸ்வானாவில் பிரையன், கிரெக் சகோதரர்களின் வாகனம் கவிழ்ந்து, கேமராக்காரருக்கு அடிபட்டது. மாற்று வண்டி தருவார்கள், ஆனால் இழந்த நேரத்தைத் திருப்பித் தர மாட்டார்கள். பழக்கமில்லாத மண் சாலையில் பத்து நிமிடத்தை மிச்சப்படுத்த வேகம் எடுப்பதால் கிடைப்பது கொஞ்சம், போவது முழுப் போட்டி. அந்த வழியாக வந்த ராப் நிறுத்தாமல் போனதற்கு நிறையத் திட்டு வாங்கினார். என் கணிப்பில் அது அவருடைய மிக மோசமான தருணம். ஆபத்து இல்லை என்று தெரியும் வரையாவது நின்றிருக்க வேண்டும்.

இரண்டு ஜோடியும் அமேசிங் ரேஸின் 2007 ஆல் ஸ்டார்ஸ் சீசனுக்குத் திரும்பினார்கள். ராபும் ஆம்பரும் முதல் மூன்று லெக்கையும் தொடர்ந்து ஜெயித்தார்கள். நான்காவதில், அர்ஜென்டினாவின் தென் கோடியான உஷுவாயா பகுதியில், வழிகாட்டிக் கம்பத்துக்கு ஊர்ப் பெயர்கள் எழுதும் வேலையில் பிலிப்பைன்ஸ் என்ற பெயரை எழுத்துப் பிழையோடு எழுதிவிட்டு, எங்கே தப்பு என்று தெரியாமல் நின்றார்கள். அதற்குப் பிறகு ஒரு பெரிய கடிதக் குவியலில் தங்களுக்கு வந்த ஒன்றைத் தேடும் ரோடுபிளாக், முடிவு நேரமில்லாத தேடல். அங்கேயே வெளியேறினார்கள். உச்சென்னாவும் ஜாய்ஸும் இன்னும் தூரம் போனார்கள். போலந்திலிருந்து கோலாலம்பூருக்குப் போகும்போது, இடையில் மாற வேண்டிய விமானத்துக்கு நேரம் மிகக் குறைவாக இருந்த ஒரு வழியை எடுத்தார்கள். ஃபிராங்க்ஃபர்ட்டில் இணைப்பு விமானம் போய்விட்டிருந்தது. இந்த முறை கேட்பதற்கு அங்கே விமானமே நிற்கவில்லை.